முஸ்ஹபோடு ஓர் ஆசிரியரும்: எமது கிராமங்களில் கிராஅத் கல்வி எங்கே நிற்கிறது?

எமது ஊடகங்களில் வெளிவரும் எந்த விழாச் செய்தியையும் எடுத்துப் பாருங்கள். "கிராஅத்துடன் நிகழ்வு ஆரம்பமானது" என்ற வரி அநேகமாக இருக்கும். பாடசாலைப் பரிசளிப்பு விழா, விளையாட்டுக் கழகத்தின் இப்தார், அமைச்சர் வந்து திறந்துவைக்கும் கட்டடம் என்று எங்கும் முதல் ஐந்து நிமிடம் கிராஅத்துக்கு. குரல் வளமுள்ள ஒரு மாணவன் மேடையேறுவான், ஓதுவான், இறங்குவான். பிறகு வரவேற்புரை.

இந்தப் பழக்கத்தில் குறை காண நான் வரவில்லை. ஆனால் "கிராஅத்" என்ற சொல் எம்மத்தியில் எவ்வளவு சுருங்கிப்போய்விட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இஸ்லாமிய அறிவுப் பாரம்பரியத்தில் அது ஒரு கலையின் பெயர். இமாம்களும் அறிவிப்பாளர்களும் ஸனதுகளும் பாட நூல்களும் உள்ள பெரிய துறை அது. நாமோ அதை நிகழ்ச்சி நிரலின் முதலாவது அம்சமாகவும் வருடாந்தப் போட்டியின் பெயராகவும் ஆக்கிக்கொண்டோம். போட்டிக்குக் கிண்ணம் வாங்கப் பணம் இருக்கிறது. அந்த மாணவனுக்கு அலிப், பா சொல்லிக்கொடுக்கும் முஅல்லிமை ஒழுங்காகப் பயிற்றுவிக்க எம்மிடம் திட்டம் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நான் இதை எழுதுவது கட்டைபறிச்சானில் இருந்து. மூதூரில் இருந்து சம்பூர் போகும் பாதையில் உள்ள ஊர். 2006 ஆகஸ்ட்டில் மூதூர் முஸ்லிம்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு ஓடினார்கள். அதே வருடம் சம்பூரை விட்டு வெளியேறிய தமிழ் மக்கள் கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். பிறகு வீடுகள் கட்டப்பட்டன, பள்ளிவாசல்கள் திருத்தப்பட்டன, மத்ரஸாக்களுக்குப் புதிய கூரை வந்தது. ஆனால் ஒரு பிள்ளை ஓர் ஆசிரியரின் முன்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்து கற்கும் தொடர் அறுந்தால் அதைச் சீமெந்தால் கட்ட முடியாது. திருகோணமலை மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் குர்ஆன் கல்வியைப் பற்றிப் பேசும்போது இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்

எம்மவர்கள் மூன்று வெவ்வேறு விடயங்களை ஒரே சொல்லால் அழைக்கிறார்கள்.

முதலாவது தஜ்வீத். ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய இடத்தில் இருந்து, அதற்குரிய பண்போடு மொழிவது, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டுவது, மறைக்க வேண்டிய இடத்தில் மறைப்பது. இது எல்லா முஸ்லிம்களுக்கும் உரியது.

இரண்டாவது கிராஆத். நபி (ஸல்) அவர்களில் இருந்து தொடராக வந்த, அங்கீகரிக்கப்பட்ட ஓதல் முறைகள். இன்று பத்து இமாம்களின் பெயரில் அறியப்படுகின்றன. ஒவ்வோர் இமாமுக்கும் இரண்டு அறிவிப்பாளர்கள், ஆக இருபது ரிவாயத்துகள். நாம் ஓதுவது கூபா நகரத்து இமாம் ஆஸிம் (ரஹ்) அவர்களின் கிராஅத்தை, அவரது மாணவர் ஹப்ஸ் (ரஹ்) அறிவித்த முறையில்.

மூன்றாவது இராகம். பயாதி, ஹிஜாஸ், ரஸ்த், ஸபா, நஹாவந்த் என்று அரபிகள் சொல்லும் மகாம்கள். குரலை அழகுபடுத்தி ஓதுவது விரும்பத்தக்கது. ஆனால் இராகம் ஸனதோடு வந்ததல்ல. ஒருவர் ஒரு மகாமும் தெரியாமல் மிகச் சரியாக ஓதலாம். இன்னொருவர் அப்துல் பாஸித் (ரஹ்) அவர்களின் மூச்சையும் இழுப்பையும் அப்படியே பிடித்துக்கொண்டு, எழுத்துகளை மாற்றி ஓதவும் செய்யலாம்.

எமது போட்டிகள் பெரும்பாலும் மூன்றாவதற்கே புள்ளி போடுகின்றன. இந்தப் பகுதியில் சில போட்டிகளில் நான் நடுவராக அமர்ந்திருக்கிறேன். சபை கைதட்டாத குறையாக ரசித்த ஓதலில் தெளிவான எழுத்துப் பிழைகள் இருந்ததும், குரல் கம்மிய ஒரு சிறுமியின் பிசகில்லாத ஓதலை யாரும் கவனிக்காததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைகளில் தவறில்லை. எதைப் பாராட்டுகிறோமோ அதைத்தான் அவர்கள் கற்கிறார்கள்.

நூலோடு ஆளும் போனார்

இந்தக் கலை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகவேனும் தெரிந்துகொள்வது அவசியம். இன்றைய பிரச்சினைக்கான விடை அதில்தான் இருக்கிறது.

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான பிரபலமான சம்பவம் ஒன்று. ஹிஷாம் இப்னு ஹகீம் (ரழி) தொழுகையில் ஸூரதுல் புர்கானை ஓதுகிறார். தனக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததற்கு வேறுபட்ட விதத்தில் அவர் ஓதுவதைக் கேட்ட உமர் (ரழி), அவரைப் பிடித்து நபியவர்களிடம் கொண்டு செல்கிறார். நபியவர்கள் இருவரையும் ஓதச் சொல்லிக் கேட்கிறார்கள். இருவருக்கும், இப்படித்தான் இறங்கியது என்கிறார்கள். குர்ஆன் ஏழு ஹர்புகளில் இறக்கப்பட்டது, இலகுவானதை ஓதுங்கள் என்று விளக்குகிறார்கள்.

இந்த ஏழு ஹர்புகளும் ஏழு கிராஅத்துகளும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏழு இமாம்களைத் தேர்ந்தெடுத்து நூலாகத் தந்தவர் பக்தாதில் வாழ்ந்த இப்னு முஜாஹித் (ரஹ்). அவர் மறைந்தது ஹிஜ்ரி 324இல், அதாவது கி.பி. 936இல். எண் ஒத்துப்போனதால் பாமரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள் என்று பிற்கால அறிஞர்கள் அப்போதே கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை சரியாகிவிட்டது.

உஸ்மான் (ரழி) அவர்கள் முஸ்ஹபுகளைப் பிரதியெடுத்து நகரங்களுக்கு அனுப்பிய வரலாறு எமது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதன் மறுபாதியை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தப் பிரதிகளில் புள்ளிகளும் இல்லை, உயிர்க்குறிகளும் இல்லை. எனவே ஒவ்வொரு முஸ்ஹபோடும் ஓதிக்கொடுக்க ஒருவரும் அனுப்பப்பட்டார் என்று அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். மதீனாவுக்கு ஸைத் இப்னு தாபித் (ரழி). மக்காவுக்கு அப்துல்லாஹ் இப்னுஸ் ஸாஇப் (ரழி). கூபாவுக்கு அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமி (ரஹ்).

இந்த அஸ்ஸுலமியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். குர்ஆனைக் கற்று அதைக் கற்பிப்பவரே உங்களில் சிறந்தவர் என்ற ஹதீஸை உஸ்மான் (ரழி) அவர்களிடம் இருந்து அறிவித்தவர் இவர்தான். அந்த ஹதீஸே தன்னை அந்த ஆசனத்தில் உட்கார வைத்தது என்று சொல்லிவிட்டு, உஸ்மானின் காலம் முதல் ஹஜ்ஜாஜின் காலம் வரை கூபாப் பள்ளிவாசலில் உட்கார்ந்து ஓதிக்கொடுத்தார். ஏறத்தாழ நாற்பது வருடங்கள். அவரிடம் கற்றவர் ஆஸிம். ஆஸிமிடம் கற்றவர் ஹப்ஸ். இன்று மூதூரிலும் தோப்பூரிலும் கிண்ணியாவிலும் ஒரு பிள்ளை பாத்திஹா ஓதுகிறது என்றால், பள்ளிவாசல் மூலையில் நாற்பது வருடம் எழும்பாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் உழைப்பு அதில் இருக்கிறது.

பின்னர் வந்தவர்களும் இந்த வழியில்தான் வந்தார்கள். ஸ்பெயினின் ஷாதிபா நகரில் பிறந்து கெய்ரோவில் ஹிஜ்ரி 590இல் மறைந்த இமாம் ஷாதிபி (ரஹ்) கண்பார்வை அற்றவர். ஏழு கிராஅத்துகளையும் 1173 அடிகளில் கவிதையாக்கித் தந்தார். ஹிஜ்ரி 833இல் மறைந்த இமாம் இப்னுல் ஜஸரி (ரஹ்) அதைப் பத்தாக விரித்து நிறுவினார். அவரது மகள் ஸல்மா பத்து கிராஅத்துகளையும் கற்றவர் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பார்வை இல்லாமல் இந்தத் துறையின் உச்சத்தைத் தொட முடிந்ததற்குக் காரணம், இது காதாலும் வாயாலும் கடத்தப்படும் கல்வி என்பதுதான்.

"உங்கட குர்ஆன் ஏழு வகையாமே?"

இந்த வரலாறு எமது இளைஞர்களுக்குத் தெரியாததால் வரும் சங்கடத்தை இப்போது பார்க்கலாம்.

கட்டைபறிச்சானில் எனக்கொரு தமிழ் நண்பர் இருக்கிறார், ஆசிரியர். யூடியூப்பில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். "உங்கட குர்ஆன் ஏழு, பத்து வகையில இருக்குதாமே நானா, உண்மையா?" அவர் பகைமையோடு கேட்கவில்லை, அறியக் கேட்டார். ஆனால் அதே காணொளியைப் பார்த்த எமது பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்? குர்ஆன் ஒன்றல்ல, பல என்று சொல்லும் இத்தகைய காணொளிகள் தமிழிலும் வந்துவிட்டன. "ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை" என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, வர்ஷ் ரிவாயத்தில் அச்சிடப்பட்ட முஸ்ஹபை முதன்முதலாகத் திரையில் காணும்போது அதிர்ந்துபோகிறது. அதிர்ச்சியைத் தந்தவர் எதிரியாக இருக்கலாம். ஆனால் உண்மையை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இது. பழந்தமிழ் நூல்களில் பாடபேதம் உண்டு. ஏட்டைப் படியெடுத்தவரின் கை பிசகியதால் அல்லது ஏடு சிதைந்ததால் வந்தது அது. எது மூலம் என்று உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் தேடினார்கள். கிராஅத் வேறுபாடு அப்படியானதல்ல. எங்கள் அறிஞர்களின் நிலைப்பாட்டில் அவை படியெடுத்தவரின் பிசகால் பிறந்தவை அல்ல, ஆசிரியர் வாயில் இருந்து மாணவர் காதுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தவை. பாத்திஹாவில் நாம் நீட்டி "மாலிகி" என்று ஓதுகிறோம்: தீர்ப்பு நாளின் உரிமையாளன். ஏழு இமாம்களில் ஆஸிமும் கிஸாயீயும் அப்படி ஓதினார்கள். மற்ற ஐவரும் நீட்டாமல் "மலிகி" என்று ஓதினார்கள்: தீர்ப்பு நாளின் அரசன். பழைய எழுத்து இரண்டையும் தாங்கும். பொருளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, நிறைவாக்குகிறது. பெரும்பாலான வேறுபாடுகள் இதைவிடச் சிறியவை. "வழ்ழுஹா" என்பதை வர்ஷ் முறையில் "வழ்ழுஹே" என்பது போலச் சாய்த்து ஓதுவார்கள். அந்தச் சாய்வு எங்களுக்கும் அந்நியமல்ல. ஹப்ஸ் ரிவாயத்தில் ஸூரா ஹூதின் 41ஆம் வசனத்தில் ஒரேயோர் இடத்தில் "மஜ்ரேஹா" என்று நாமும் அப்படித்தான் ஓதுகிறோம்.

ஒரு சொல் கூடிக் குறையும் இடங்களும் மிகச் சில உண்டு. ஸூரதுத் தவ்பாவின் 100ஆம் வசனத்தில் மக்கா இமாம் இப்னு கஸீரின் ஓதலில் "மின்" என்ற சொல் கூடுதலாக வரும், மக்காவுக்கு அனுப்பப்பட்ட முஸ்ஹபிலும் அது இருந்தது. இதையெல்லாம் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே எமது இமாம்கள் இடம் இடமாகப் பட்டியலிட்டுப் பாடமாகவே நடத்தினார்கள். எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்தது போன்ற தோற்றம் வந்தது நாம் கற்பிக்காமல் விட்டதால்.

இன்றும் மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் மேற்கு ஆபிரிக்காவின் பெரும்பகுதியிலும் வர்ஷ் ஓதுகிறார்கள். லிபியாவில் காலூன். சூடானில் தூரி. மதீனாவில் 1984இல் தொடங்கிய மன்னர் பஹ்த் அச்சகமே ஹப்ஸோடு இந்த ரிவாயத்துகளிலும் முஸ்ஹபுகளை அச்சிட்டு வெளியிடுகிறது. ஹப்ஸ் உலகெங்கும் பரவியதற்கு உஸ்மானியப் பேரரசும், 1924இல் கெய்ரோவில் வெளிவந்த அச்சுப் பதிப்பும் பெரிய காரணங்கள். மற்றவை பிழை என்பதால் அல்ல.

எமது நாவும் எமது எழுத்தும்

அடுத்தது, கிராமத்து மத்ரஸாவில் அன்றாடம் நடக்கும் விடயம். தமிழ் பேசும் நாவுக்குச் சில இயல்பான சிரமங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

முதலாவது, தமிழ் நாவு சொல்லை மெய்யெழுத்தில் முடிக்க விரும்பாது. ஒரு "உ" சேர்த்துவிடும். பஸ்ஸை "பஸ்சு" என்பது போல. ஸூரதுல் இக்லாஸில் "யலித்", "யூலத்" என்று கல்கலாவோடு நிறுத்த வேண்டிய இடத்தில் "யலிது", "யூலது" என்று முழு உயிரோசை வந்துவிடுகிறது. கல்கலா எழுத்துகள் ஐந்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

இரண்டாவது, காப் இரண்டும் ஒன்றாகிவிடுவது. தொண்டையை ஒட்டிய காபில் "குல்" என்றால் சொல்வீராக. மற்றக் காபில் "குல்" என்றால் சாப்பிடு. "கல்ப்" ஒன்றில் இதயம், மற்றதில் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. மேலே நான் எழுதியதிலேயே அதைப் பார்க்கிறீர்கள். அதனால்தான் தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாஸீன் புத்தகங்கள் ஓத உதவலாமே ஒழிய, கற்பிக்க உதவாது. எம் முன்னோர்கள் இதை மறுபக்கமாகச் செய்தார்கள். அரபு எழுத்துகளோடு புள்ளிகளைச் சேர்த்து அதில் தமிழை எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்களின் அரபுத் தமிழ் நூல்கள் இலங்கையிலும் வீடு வீடாக ஓதப்பட்டன. தமிழ் படிக்கவே அரபு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டிய நிலை அது. அந்தப் பழக்கம் போனதோடு எழுத்துப் பரிச்சயமும் வீட்டில் இருந்து போய்விட்டது.

மூன்றாவது, "ழாத்" என்ற எழுத்து. இலங்கையில் நாம் ரமழான், வுழூ, (ரழி) என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டில் ரமலான், உளூ, (ரலி). இன்றைய அரபிகள் பலர் அதைக் கனத்த "த" போல ஒலிக்கிறார்கள். அரபு நாடுகளில் வேலை செய்து வரும் எமது இளைஞர்கள் அதைக் கேட்டுவிட்டு வந்து, "எங்கட வாப்பாமார் ஓதினதெல்லாம் பிழை" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவசரப்பட வேண்டாம். ஆரம்பகால இலக்கண மேதை ஸீபவைஹி இதை நாவின் பக்க விளிம்பு கடைவாய்ப் பற்களோடு சேர்ந்து பிறக்கும் ஒலியாக விவரிக்கிறார். "ல" சாயல் அதற்குப் பழையது. அரபியின் "அல்காழி" ஸ்பானிய மொழியில் "அல்கால்தே" ஆனது அந்தச் சாயலால்தான். எனவே மூத்தோரின் ஓதலில் ஒரு பழைய ஒலியின் எச்சம் இருக்கிறது. அதேநேரம் தமிழ் "ழ" நாவின் நுனியை மடக்கிப் பிறப்பது, அரபு ழாத் பக்க விளிம்பில் பிறப்பது. இரண்டும் ஒன்றல்ல. ஹாபிழ் என்று எழுதும்போது வருவது வேறோர் எழுத்து, அதற்கும் நாம் "ழ" தான் போடுகிறோம். இந்த நுணுக்கத்தை எந்தச் செயலியும் பிள்ளையின் வாயைப் பார்த்துத் திருத்தாது.

நாங்கள் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் சமூகம். எமது மத்ஹபில் பாத்திஹா தொழுகையின் ருக்னு. பிஸ்மியும் அதில் ஒரு வசனம். அதிலுள்ள 14 ஷத்துகளையும் பேண வேண்டும் என்று பிக்ஹு நூல்கள் எண்ணிச் சொல்கின்றன. "அன்அம்த" என்பதை "அன்அம்து" என்று ஓதினால் "நீ அருள்புரிந்தாய்" என்பது "நான் அருள்புரிந்தேன்" என்றாகிவிடும். வேண்டுமென்றே அப்படி ஓதினால் தொழுகையே பாழாகும் என்பார்கள். ஆக இது அழகியல் பிரச்சினை அல்ல. தொழுகையின் பிரச்சினை.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. எமது மத்ரஸாக்களில் இந்திய அச்சு முஸ்ஹபும் மதீனா அச்சு முஸ்ஹபும் கலந்து கிடக்கின்றன. ஒன்றில் கற்ற பிள்ளை மற்றதைத் திறந்தால் தடுமாறும். மதீனா அச்சில் சேர்த்து ஓதும் அலிபுக்குமேல் ஒரு சிறு குறி இருக்கும், இந்திய அச்சில் அது வெறும் அலிப். ஸுகூன் குறியும் நீட்டல் குறிகளும் வேறு. இரண்டும் சரியானவையே. ஆனால் ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒன்றிலும் பாதி மற்றதிலும் ஓதினால் ஆசிரியருக்கு இரட்டை வேலை.

கட்டடம், போட்டி, கட்டுப்பாடு

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு மத்ரஸா என்ற சொல்லே தேசிய அரசியலின் விவாதப் பொருளானது. 2021 மார்ச்சில் அப்போதைய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மத்ரஸாக்கள் மூடப்படும் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதே மாதத்தில்தான் இறக்குமதியாகும் இஸ்லாமிய நூல்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற பணிப்புரையும் வந்தது. எமது அரசியல்வாதிகளும் சிவில் அமைப்புகளும் குரல் கொடுத்தார்கள். குரல் கொடுக்கத்தான் வேண்டும். குர்ஆன் பிரதி சுங்கத்தில் தேங்கக் கூடாது, ஒரு சமூகத்தின் சமயக் கல்வியைச் சந்தேகப் பொருளாகப் பார்க்கக் கூடாது.

ஆனால் அந்த விவாதம் முழுவதிலும் ஒரு கேள்வி எழவே இல்லை. அரசு தரப்பிலும் எழவில்லை, எம் தரப்பிலும் எழவில்லை. இந்த மத்ரஸாக்களில் ஓதிக்கொடுப்பவர் யார்? அவர் யாரிடம் கற்றார்? அவருக்கு மாதம் என்ன கிடைக்கிறது? முஸ்ஹபைப் பற்றிப் பேசினோம், கட்டடத்தைப் பற்றிப் பேசினோம், பதிவு இலக்கத்தைப் பற்றிப் பேசினோம். ஆளைப் பற்றிப் பேசவில்லை.

நான் அறிந்த கிராமங்களில் நிலைமை இது. முஅல்லிமுக்குப் பள்ளிவாசல் தரும் கொடுப்பனவு ஒரு குடும்பத்துக்குப் போதாது. பலர் பகலில் வேறு தொழில் செய்கிறார்கள். திறமையானவர் வெளிநாடு போகிறார். அவர் இடத்துக்கு, அண்மையில் ஓதி முடித்த ஓர் இளைஞரைப் போடுகிறோம். மறுபுறம், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வகுப்பு மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டது. அஸருக்குப் பின் மத்ரஸாவில் இருந்த பிள்ளை இப்போது டியூஷனில். பெற்றோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதை விடுகிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஹிப்ழ் மத்ரஸாக்கள் பெருகியுள்ளன, மகிழ்ச்சி. ஆனால் மனனம் வேறு, ஓதல் வேறு. வேகமாக மனனமிட்டு ரமழானில் தராவீஹ் நடத்தும் பிள்ளைகளில் சிலரின் ஓதல், எழுத்துகள் ஒன்றையொன்று விழுங்கும் ஓட்டமாக இருக்கிறது. சர்வதேசத் தரம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். மக்காவில் நடக்கும் மன்னர் அப்துல் அஸீஸ் சர்வதேசப் போட்டியின் முதற்பிரிவு, குர்ஆன் முழுவதையும் ஷாதிபிய்யா வழியில் ஏழு கிராஅத்துகளோடு மனனமிட்டவர்களுக்கானது. அந்தப் பிரிவுக்கு எமது மாவட்டத்தில் இருந்து ஒருவரை அனுப்ப வேண்டும் என்றால் அவரை உருவாக்க இங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது?

தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். ஒலிப்பதிவின் பயனை நான் மறுக்கவில்லை. 1961இல் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி (ரஹ்) அவர்களின் குரலில் முழுக் குர்ஆனும் முதன்முதலாகப் பதிவாகி வெளிவந்தது. பிறகு வர்ஷ், காலூன், தூரி ரிவாயத்துகளிலும் அவர் பதிவு செய்தார். கிராமத்துப் பிள்ளைக்கு அது பெரும் நிஃமத். ஆனால் பதிவு எமக்கு ஓதிக்காட்டும், நாம் ஓதுவதைக் கேட்காது. இணையவழியில் நேருக்கு நேர் ஓதிக் கேட்பிக்கும் வசதி இப்போது உண்டு, அதைப் பயன்படுத்தலாம். அங்கும் கடைசியில் வேண்டியது திருத்தும் ஓர் ஆள்.

எம்மால் முடிந்தவை

எல்லோரும் பத்து கிராஅத் கற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாமர மக்களின் முன் தொழுகையில் வேறு ரிவாயத்தை ஓதிக் குழப்பம் உண்டாக்குவதை அறிஞர்கள் விரும்பியதுமில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு ரிவாயத் சரியாக வேண்டும். ஒவ்வொரு பிரதேசத்திலும் சிலருக்கு முழுக் கலையும் வேண்டும். முதலாவது தனிமனிதக் கடமை, இரண்டாவது சமூகக் கடமை. இதற்குப் பின்வருவனவற்றை முன்வைக்கிறேன்.

ஒன்று, மூதூர், தோப்பூர், கிண்ணியா போன்ற ஒவ்வொரு பிரதேசத்திலும் பள்ளிவாசல்கள் சேர்ந்து, ஸனதும் இஜாஸாவும் உள்ள ஒரு காரியை முழுநேரமாக நியமிக்கலாம். அவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு மத்ரஸாவாகச் சென்று முஅல்லிம்களின் ஓதலைக் கேட்டுத் திருத்தட்டும். ஒரு தனிப் பள்ளிவாசலால் சுமக்க முடியாத சம்பளத்தைப் பத்துப் பள்ளிவாசல்கள் சேர்ந்தால் சுமக்கலாம்.

இரண்டு, பெண்கள். எமது வீடுகளில் பிள்ளைக்கு முதலில் ஓதிக்கொடுப்பவர் உம்மா அல்லது ராத்தா. அவர்களுக்கு முறையான தஜ்வீத் வகுப்பு மிகக் குறைவு. இப்னுல் ஜஸரியின் மகள் அன்று கற்றார். அலெக்சாந்திரியாவில் 2006இல் மறைந்த, பார்வையற்ற உம்மு ஸஃத் அவர்களிடம் ஆண்களும் பெண்களுமாகப் பலர் பத்து கிராஅத்தில் இஜாஸா பெற்றார்கள். இந்தோனேசியாவின் மரியா உல்பா 1980இல் மலேசியாவில் நடந்த சர்வதேசப் போட்டியில் வென்று பின்னர் தலைமுறைகளைப் பயிற்றுவித்தார். எமது மகளிர் அரபுக் கல்லூரிகளில் இதை ஒரு துறையாகவே தொடங்கலாம்.

மூன்று, போட்டிகளின் புள்ளித் திட்டம் மாற வேண்டும். எழுத்துக்கும் தஜ்வீதுக்கும் பெரும் பங்கு, குரலுக்குச் சிறு பங்கு. வெல்லும் பிள்ளையோடு அதற்குக் கற்பித்த ஆசிரியரையும் மேடைக்கு அழைத்து அவருக்கும் பரிசு கொடுங்கள். இந்தோனேசியா 1968இல் தேசிய மட்டத்தில் போட்டியைத் தொடங்கிவிட்டு நிற்கவில்லை. 1977இல் பயிற்சிக்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கியது. போட்டி பயிற்சியை வளர்க்க வேண்டும், அதற்குப் பதிலாக வந்து நிற்கக் கூடாது.

நான்கு, அஹதிய்யா வகுப்புகளிலும் உயர்தர மாணவர்களுக்கான சமய வகுப்புகளிலும் குர்ஆன் தொகுக்கப்பட்ட வரலாற்றையும் கிராஅத்தின் அடிப்படையையும் நேர்மையாகச் சொல்லிக்கொடுங்கள். காணொளியில் முதலில் கேட்கும் பிள்ளை தடுமாறும். வகுப்பில் முதலில் கேட்ட பிள்ளை, அந்தக் காணொளியைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போகும்.

இதற்கெல்லாம் வெளிநாட்டு நிதி தேவையில்லை. ஒரு புதிய மினாராவின் செலவு போதும். தனவந்தர்கள் கட்டடத்தைத் தேடி வருவது ஏன் என்பது விளங்குகிறது. கல்லில் பெயர் பொறிக்கலாம். ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆனால் உஸ்மான் (ரழி) அவர்கள் முஸ்ஹபை மட்டும் அனுப்பிவிட்டு இருந்திருந்தால் கூபாவில் ஆஸிம் உருவாகியிருக்க மாட்டார். ஸுலமியைச் சேர்த்து அனுப்பினார்கள். எமது பள்ளிவாசல் அலுமாரிகளில் முஸ்ஹபுகள் நிறைந்திருக்கின்றன. இனி அவற்றின் பக்கத்தில் உட்காரப் போகும் ஆளுக்கு ஏற்பாடு செய்வோம்.

அல்லாஹ் எமக்கு அவனுடைய வேதத்தை உரிய முறையில் ஓதும் நாவையும், அதைக் கற்பிப்பவர்களை மதிக்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக.